1 மில்லிமீட்டர் மழை, 1 கிலோ பாரம்: கூரைகள் ஏன் சரிகின்றன?



2014ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் தேதி. தென்கொரியாவின் கியோங்ஜு நகருக்கு அருகில், மலைமேல் உள்ள ஓர் உல்லாச விடுதி. பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சி அங்குள்ள மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன் சில நாள்களாகப் பெய்த பனி கூரைமேல் குவிந்து கிடந்தது. அதை யாரும் அகற்றவில்லை. இரவு 9 மணியளவில் கூரை உள்ளே விழுந்தது. 10 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் உங்களைவிட இரண்டு மூன்று வயதே மூத்த மாணவர்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். விசாரணையில் கட்டுமானக் குறைகளும் வெளிவந்தன.

இதைப் படிக்கும்போது, “அது குளிர்நாட்டுப் பிரச்சினை, நமக்கு எதற்கு?” என்று தோன்றலாம். கேமரன் மலையில் விடியற்காலையில் புல்மேல் படிவதையும், தேயிலைச் செடிகளுக்கு மேல் புகைபோல நகர்வதையும் நாம் பனி என்றுதான் சொல்கிறோம். அந்தப் பனிக்குப் பாரம் இல்லை. நான் சொல்வது, வானத்திலிருந்து வெண்பஞ்சுபோல் விழுந்து தரையிலும் கூரையிலும் குவியும் பனிப்பொழிவை. அது கோலா தெர்லாவில் பெய்ததில்லை. ஆனாலும் பனி எப்படிக் கூரையை வீழ்த்துகிறது என்று தெரிந்துகொண்டால், மழை நம் கூரைகளையும் சுவர்களையும் மலைச்சரிவுகளையும் என்ன செய்கிறது என்பது எளிதில் புரியும். இரண்டுக்கும் ஒரே கணக்குதான்.

பஞ்சு எவ்வளவு கனம்?

அடர்த்தியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். மலாய்ப் பாடநூலில் ‘கெதும்பாத்தான்’ என்று வருகிறதே, அதுதான். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோகிராம். அதே அளவுள்ள புதுப்பனியின் எடை ஏறக்குறைய 100 கிலோகிராம்தான். பனித்துகள்களுக்கு இடையில் பெரும்பகுதி காற்று. நாள் ஆக ஆகப் பனி தன் எடையாலேயே அமுங்கும். அதன்மேல் மழை பெய்தால் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது அதன் அடர்த்தி 300 கிலோவையும் தாண்டிவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தட்டையான கூரை. பரப்பளவு 200 சதுர மீட்டர். அதன்மேல் அரை மீட்டர் உயரத்துக்குப் புதுப்பனி குவிந்தால் எடை 10,000 கிலோ, அதாவது 10 டன். ஒரு மைவி கார் ஏறக்குறைய 1 டன் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், கூரைமேல் பத்துக் கார்கள் நிறுத்தியதுபோல. அதே அரை மீட்டர், நனைந்து அமுங்கிய பனியாக இருந்தால் 30 டன், முப்பது கார்கள். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே உயரமாகத்தான் தெரியும். பனியில் உள்ள ஏமாற்று இதுதான்: உயரத்தைக் கண்ணால் அளந்துவிடலாம், எடையை அளக்க முடியாது.

மழைக்கும் எடை உண்டு

இப்போது நம் ஊருக்கு வருவோம். வானிலைச் செய்தியில் மழையின் அளவை மில்லிமீட்டரில் சொல்கிறார்கள். 1 மில்லிமீட்டர் மழை என்றால் என்ன? ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்கிறது என்று பொருள். அந்த நீரின் அளவு சரியாக 1 லிட்டர். எடை 1 கிலோகிராம். ஆகவே 100 மில்லிமீட்டர் மழை ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 100 கிலோவைக் கொண்டுவந்து கொட்டுகிறது. இது 1 மீட்டர் உயரப் புதுப்பனிக்குச் சமம்.

கேமரன் மலையில் ஓராண்டில் 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. இவ்வளவு கனத்தை நம் கூரைகள் எப்படித் தாங்குகின்றன? அவை தாங்குவதே இல்லை, வழியவிட்டுவிடுகின்றன. பனி கூரைமேல் உட்கார்ந்துகொள்ளும். மழை வந்த வேகத்தில் இறங்கிப் போய்விடும். நம் கூரைகளைக் காப்பது அவற்றின் சாய்வும், ஓரத்தில் உள்ள தகரப் பீலியும், கீழே உள்ள கால்வாயும்தான். இந்த வழி அடைபட்டால் மழையும் பனியைப்போல உட்கார்ந்துகொள்ளும்.

கோலா தெர்லாவில் சாலையோரம் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கொட்டகைகள் தெரியும். அவற்றின் கூரை வளைவாக இருப்பது நீர் இருபக்கமும் வழிவதற்காக. பிளாஸ்டிக் தளர்ந்து ஓரிடத்தில் பள்ளமாகிவிட்டால் என்ன நடக்கும்? அங்கே கொஞ்சம் நீர் தேங்கும். அந்த நீரின் எடையால் பள்ளம் இன்னும் ஆழமாகும். ஆழமான பள்ளத்தில் இன்னும் அதிக நீர் தேங்கும். இப்படி ஒன்று மற்றொன்றை வளர்த்துக்கொண்டே போகும். மழை நின்றதும் தோட்டக்காரர் கொம்பை எடுத்து அந்த நீர்ப்பையை அடியிலிருந்து தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கலாம். அவர் அந்தச் சுழற்சியை உடைக்கிறார்.

பெரிய கட்டடத்துக்கும் இதே நிலை வரலாம். அமெரிக்காவின் கான்சஸ் நகரில் கெம்பர் அரங்கம் என்ற பெரிய விளையாட்டரங்கு இருந்தது. 1979ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி அங்கே பலத்த காற்றுடன் கனமழை பெய்தது. தட்டையான அந்தக் கூரையில் நீர் வடியப் போதிய வடிகுழாய்கள் இல்லை. நீர் தேங்கியது, கூரை தொய்ந்தது, மேலும் தேங்கியது. கூரையைத் தாங்கிப் பிடித்திருந்த மரைகளும் ஆண்டுக் கணக்கில் அசைந்து அசைந்து தளர்ந்திருந்தன. கூரையின் ஒரு பெரிய பகுதி உள்ளே விழுந்தது. அன்று அரங்கில் நிகழ்ச்சி எதுவும் இல்லாததால் உயிரிழப்பு நேரவில்லை. அது கோடைக்காலம், ஒரு பொட்டுப் பனிகூட இல்லை.

பாரம் எந்த வழியாகப் போகிறது?

கூரைமேல் விழும் ஒவ்வொரு கிலோவும் மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். தகரத்திலிருந்து குறுக்குச் சட்டத்துக்கு, அங்கிருந்து பெரிய உத்தரத்துக்கு, பிறகு தூணுக்கு, அதன்பின் அடித்தளத்துக்கு, கடைசியாக மண்ணுக்கு. இதைப் பாரம் செல்லும் பாதை என்று பொறியியலாளர்கள் சொல்கிறார்கள். இது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி பலவீனமாக இருந்தால், மற்றவை எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

இந்தச் சங்கிலி இரண்டு வகையில் தோற்கும். வீட்டிலேயே செய்து பாருங்கள்.

முதல் சோதனை: 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை இரண்டு புத்தக அடுக்குகளின்மேல் பாலம்போல வையுங்கள். முதலில் அடுக்குகளுக்கு இடையில் 12 சென்டிமீட்டர் இடைவெளி. நடுவில் ஒரு சிறிய பாரத்தை வைத்து, அளவுகோல் எவ்வளவு தொய்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு இடைவெளியை 24 சென்டிமீட்டராக்கி அதே பாரத்தை வையுங்கள். இரண்டு மடங்கு தொய்யும் என்று நினைப்பீர்கள். உண்மையில் தொய்வு ஏறக்குறைய எட்டு மடங்காகும். நீளம் இரட்டித்தால் தொய்வு 2 × 2 × 2 மடங்காகிறது. தூணே இல்லாத பெரிய மண்டபங்களின் கூரைகள் ஏன் அதிகம் அஞ்சத்தக்கவை என்பது இப்போது புரிகிறதா?

இரண்டாவது சோதனை: அதே அளவுகோலை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி, மேல்முனையை உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். சற்று நேரம் நேராக நிற்கும். பிறகு சட்டென்று வில்லாக வளையும். பிளாஸ்டிக் உடையவில்லை, நசுங்கவில்லை. ஆனாலும் அது இனி எதையும் தாங்காது. இதற்கு நெளிவு என்று பெயர். இப்போது நடுவில் உங்கள் தம்பியையோ தங்கையையோ இரு விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடி அழுத்துங்கள். ஏறக்குறைய நான்கு மடங்கு விசை தேவைப்படும். ஒல்லியான தூண்களுக்கும் கம்பிகளுக்கும் குறுக்குப் பிடிமானம் வைப்பது இதற்காகத்தான்.

தொய்வு கண்ணுக்குத் தெரியும், எச்சரிக்கை கொடுக்கும். நெளிவு நேரம் கொடுக்காது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பே சொன்ன கூரை

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் 1970களில் ஒரு பெரிய உள்ளரங்கம் கட்டினார்கள். ஆயிரக்கணக்கான எஃகுக் கம்பிகளை முக்கோண முக்கோணமாகப் பின்னிய கூரை அது. கணக்குகளைக் கணினியில் போட்டார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய புதுமை. ஆனால் கட்டிக்கொண்டிருந்தபோதே கூரை, கணினி சொன்னதைப்போல இரண்டு மடங்கு தொய்ந்திருந்தது. அளந்தவர்கள் தெரிவித்தார்கள். கணக்குக்கும் நடப்புக்கும் சிறு வேறுபாடு இருப்பது இயல்பு என்று பதில் வந்தது. பொதுமக்களில் ஒருவர்கூடக் கூரை தொய்ந்திருப்பதாகத் தோன்றுகிறதே என்று கவலை தெரிவித்தார். ஆபத்தில்லை என்றார்கள்.

1978ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் தேதி இரவு அங்கே கூடைப்பந்தாட்டம் நடந்தது. ஏறக்குறைய 5,000 பேர் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். சில மணி நேரம் கழித்து, 18ஆம் தேதி விடியுமுன் 4 மணிக்குப் பிறகு, பனியின் பாரத்தில் மொத்தக் கூரையும் காலி இருக்கைகளின்மேல் விழுந்தது. அன்று கூரைமேல் இருந்த பாரம், அது தாங்கியிருக்க வேண்டிய பாரத்தில் ஏறக்குறைய பாதிதான். ஓரத்துக் கம்பிகளுக்கு நடுவில் போதிய பிடிமானம் இல்லை. அதனால் அவை நெளிந்துவிட்டன. உங்கள் அளவுகோல் சோதனைதான், பெரிய அளவில்.

போலந்தின் கத்தோவிச் நகரத்துக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. 2006ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி அங்குள்ள கண்காட்சி மண்டபத்தில் புறாக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. பனியும் பனிக்கட்டியும் மூடிய கூரை விழுந்து 65 பேர் இறந்தனர். வடிவமைப்பிலேயே குறைகள் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன்பே பனியால் அதே கூரைக்குச் சேதம் ஏற்பட்டிருந்தது; அது எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

பனியும் இல்லை, மழையும் இல்லை

நம் நாட்டில் கோலா திரங்கானுவில் சுல்தான் மிசான் சைனல் அபிடின் விளையாட்டரங்கம் 2008ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. அதன் கூரையும் ஹார்ட்ஃபோர்ட் கூரையைப்போலக் கம்பிகளைப் பின்னி அமைத்ததுதான். ஓராண்டுக்குச் சற்று அதிக காலமே நின்றது. 2009ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி காலையில் கூரையின் பெரும்பகுதி சரிந்து விழுந்தது. அரங்கில் ஆள் இல்லாத நேரம் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. மேலே பனியுமில்லை, தேங்கிய நீருமில்லை. கூரை தன் சொந்த எடையையே தாங்கவில்லை. வடிவமைப்பிலும் பொருள்களின் தரத்திலும் வேலைப்பாட்டிலும் குறைகள் இருந்ததாக விசாரணையில் தெரியவந்தது. 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில், பழைய கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது எஞ்சிய பகுதியும் விழுந்து தொழிலாளர்கள் காயமடைந்தனர்.

தமிழ்நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதி மாலை, சென்னை மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று மழையின்போது அப்படியே அமர்ந்துவிட்டது. 61 பேர் இறந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் கட்டுமானத் தொழிலாளர்கள். இடி விழுந்ததுதான் காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது. அதே இடியும் மழையும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் பொதுவாகத்தானே இருந்தன? பிறகு நடந்த ஆய்வுகள் கட்டடத்தின் குறைகளைச் சுட்டின. அதன் இரட்டைக் கட்டடம் பாதுகாப்பற்றது என்று முடிவாகி, 2016ஆம் ஆண்டு நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

ஒரு கட்டடம் விழும்போது “இயற்கைச் சீற்றம்” என்று சொல்லிவிடுவது எளிது. அறிவியல் மாணவர் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: அதே பனியில், அதே மழையில் பக்கத்துக் கட்டடங்கள் ஏன் நின்றன?

மண்ணுக்குள் தேங்கும் நீர்

பாரம் செல்லும் பாதையின் கடைசிக் கண்ணி மண் என்று பார்த்தோம். மலைவாழ் மக்களான நமக்கு அதுதான் மிக முக்கியமான கண்ணி.

1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி, சிலாங்கூர் உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற அடுக்குமாடி வீடுகளின் மூன்று கட்டடங்களில் ஒன்று சாய்ந்து விழுந்தது. 12 மாடிக் கட்டடம். 48 பேர் மாண்டனர். அதற்கு முன் ஏறக்குறைய பத்து நாள்கள் தொடர்ந்து மழை. பின்புற மலைச்சரிவில் மரங்கள் வெட்டப்பட்டிருந்தன; அங்கிருந்த நீரோடை திருப்பிவிடப்பட்டிருந்தது; வடிகால்கள் சரியாகப் பராமரிக்கப்படவில்லை. வடிய வேண்டிய நீர் மண்ணுக்குள் இறங்கித் தேங்கியது. தடுப்புச்சுவர்கள் உடைந்தன, மண் நகர்ந்தது. கட்டடத்தின் அடித்தளக் கம்பங்கள் மேலிருந்து வரும் எடைக்காக அமைக்கப்பட்டவை. பக்கவாட்டில் தள்ளும் மண்ணை அவற்றால் எதிர்க்க முடியவில்லை. விழுவதற்கு முந்தைய நாள்களிலேயே தரையில் வெடிப்புகள் தெரிந்தன. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் பேரிடர் மீட்புக்கென ‘ஸ்மார்ட்’ என்ற சிறப்புக் குழு நம் நாட்டில் உருவானது.

ஈரமண் ஏன் நகர்கிறது? ஒரு சோதனை. ஒரே அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களை எடுங்கள். ஒன்றின் அடியில் மட்டும் ஆணியால் பத்துப் பதினைந்து துளைகள் போடுங்கள். இரண்டிலும் மணலை நிரப்பி, ஒரே அளவு நீரை நன்றாக ஊறும்வரை ஊற்றுங்கள். துளையுள்ள டப்பாவில் நீர் வடிந்து முடியும்வரை காத்திருந்து, இரண்டையும் தட்டுகளில் கவிழ்த்துப் பாருங்கள். வடிந்த மணல் டப்பாவின் வடிவத்திலேயே நிற்கும். வடியாத மணல் கஞ்சிபோல் பரவும்.

மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசி நிற்பதால்தான் மண் நிற்கிறது. இடைவெளிகளில் நீர் நிறைந்து அழுத்தம் கூடும்போது, அது துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகிறது. உராய்வு குறைகிறது. அதே நேரத்தில் நீரின் எடையும் மண்ணோடு சேர்கிறது. பாரம் கூடுகிறது, பிடிப்புக் குறைகிறது. மழை தொடங்கிய முதல் மணி நேரத்தைவிட, பல நாள் மழைக்குப் பிறகு சரிவுகள் ஆபத்தாவது இதனால்தான்.

தடுப்புச்சுவருக்குப் பின்னால் 3 மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய நாலரை டன் எடைக்குச் சமமான விசை தள்ளும். நீரின் உயரம் இரட்டித்து 6 மீட்டரானால் தள்ளும் விசை ஒன்பது டன் ஆகாது. நான்கு மடங்காகி 18 டன் ஆகும். மண் தள்ளும் விசை வேறு. சாலையோரத் தடுப்புச்சுவர்களில் சிறு குழாய் முனைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காக வைத்தவை அல்ல. சுவருக்குப் பின்னால் உள்ள நீர் வெளியேறும் வழி அவை. மழைக்குப் பிறகு அவற்றிலிருந்து நீர் சொட்டுவது நல்ல அடையாளம். வேரும் மண்ணும் அடைத்து வறண்டு கிடந்தால், நீர் உள்ளேயே இருக்கிறது என்று பொருள்.

இவை நமக்குத் தொலைதூரச் செய்திகள் அல்ல. 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் தேதி, நம் கேமரன் மலையிலேயே, சுங்கை ருயில் பூர்வக்குடிக் கிராமத்தில் ஏற்பட்ட மண்சரிவில் எழுவர் இறந்தனர். 2024ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி, கோலா தெர்லாவுக்குப் பக்கத்தில், கம்போங் ராஜாவின் புளுவேலி பகுதியில் மண்சரிவில் புதையுண்டு மியன்மார் நாட்டவர் ஐவர் மாண்டனர். நாம் உண்ணும் கீரையும் தக்காளியும் அவர்களைப் போன்றவர்களின் உழைப்பில் விளைந்தவை. சரிவின் ஓரத்தில், யாரிடமும் கணக்குக் கேட்காமல் எழுப்பிய கொங்சிகளில் உறங்குகிறவர்களுக்கும் இதே இயற்பியல்தான்.

கணக்கிலிருந்து விடுபடும் கிலோக்கள்

கட்டடத்தைத் திட்டமிடும்போது பொறியியலாளர் இரண்டு வகைப் பாரங்களைக் கணக்கிடுகிறார். ஒன்று, கட்டடத்தின் சொந்த எடை. மற்றொன்று, வந்து போகும் பாரம்: மனிதர், தட்டுமுட்டுச் சாமான், காற்று, மழைநீர், குளிர்நாடுகளில் பனி. அதன்பின் எதிர்பாராதவற்றுக்காக இன்னும் கொஞ்சம் கூட்டி, பாதுகாப்புக்கு இடம் விட்டுக் கட்டுகிறார். நம் நாட்டில் 2007ஆம் ஆண்டு முதல், புதிய கட்டடம் குடியிருக்கத் தகுந்தது என்ற சான்றிதழில் கட்டடக் கலைஞர் அல்லது பொறியியலாளர் போன்ற தகுதிபெற்ற வல்லுநர் ஒருவர் கையெழுத்திடுகிறார். பொறுப்பு அவருடையது.

அந்தக் கையெழுத்து அன்றைய கட்டடத்துக்கு மட்டும்தான். பிறகு நாம் என்ன செய்கிறோம்? கூரைமேல் 1,000 லிட்டர் நீர்த்தொட்டி வைக்கிறோம். நிறைந்தால் நீர் மட்டுமே 1 டன். பின்புறம் ஓர் அறையை நீட்டிக் கட்டுகிறோம். இடம் போதவில்லை என்று ஒரு சுவரையோ தூணையோ எடுத்துவிடுகிறோம். வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவைக் கார் நிறுத்துவதற்காக வெட்டுகிறோம். ஒவ்வொன்றும் சிறிய வேலையாகத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் பாரம் செல்லும் பாதையை மாற்றுகிறது. பாதுகாப்புக்காக விட்டுவைத்த இடத்தை இவை ஒவ்வொன்றாகத் தின்றுவிடுகின்றன. கடைசியாக ஒரு பெருமழை வரும்போது, பழி மழைமேல் விழுகிறது.

நீங்கள் என்ன பார்க்கலாம்?

பெரியவர்களின் கண் பழகிப்போயிருக்கும். உங்கள் கண் புதியது. வீட்டையும் பள்ளியையும் சுற்றி வரும்போது இவற்றைக் கவனியுங்கள்.

கூரை அல்லது உத்தரம் நடுவில் தொய்ந்திருக்கிறதா? போன மாதம் எளிதாக மூடிய கதவு இப்போது சட்டத்தில் சிக்குகிறதா? சுவரில் வெடிப்பு இருக்கிறதா? இருந்தால் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். அடுத்த மாதம் வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் அது வளர்கிறது. இதைவிட எளிய அறிவியல் கருவி இல்லை.

கூரைப் பீலியில் இலை அடைத்திருக்கிறதா? தட்டைக் கூரையில் மழைக்குப் பிறகு நீர் நிற்கிறதா? இவற்றைத் தரையில் நின்றபடியே பாருங்கள், கூரைமேல் ஏறாதீர்கள். சரிவின் உச்சியில் தரை பிளந்திருக்கிறதா? நேராக நின்ற மரமோ வேலிக்காலோ விளக்குக்கம்பமோ சாய்ந்திருக்கிறதா? தடுப்புச்சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா? அதன் குழாய் முனைகள் மழைக்குப் பிறகும் வறண்டிருக்கின்றனவா? தெளிந்து ஓடிய ஊற்று திடீரென்று கலங்கலாக வருகிறதா?

இவற்றில் ஒன்றைக் கண்டால் படம் எடுத்து, தேதி குறித்து, பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் காட்டுங்கள். மாவட்ட மன்றத்திடமோ பொதுப்பணித் துறையிடமோ எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டு பயப்படத் தேவையில்லை. எல்லா வெடிப்பும் ஆபத்தல்ல, மேற்பூச்சில் விழும் மயிரிழைக் கீறல்கள் பல வீடுகளில் உண்டு. எது ஆபத்து என்று முடிவு செய்ய வேண்டியவர் பொறியியலாளர். அவர் வந்து பார்க்கும்படிச் செய்வதுதான் நம் வேலை.

ஆனால் கனமழையின்போது சரிவிலிருந்து மண் உதிர்ந்தாலும், மரம் முறிவதுபோல் சத்தம் கேட்டாலும், கூரையில் கிரீச்சென்ற ஒலி வந்தாலும் யோசிக்காதீர்கள். புத்தகப்பை, கைப்பேசி எதையும் எடுக்கத் திரும்பாமல் எல்லாரையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். சரிவின் அடிவாரத்தை விட்டு விலகி, பாதுகாப்பான இடத்தை அடைந்த பிறகு 999க்கு அழையுங்கள்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் நம் மலையில் மழை வலுக்கும். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை, வீட்டில் உள்ளவர்களோடு சேர்ந்து பீலியையும் கால்வாயையும் சுத்தம் செய்யுங்கள். ஏணியில் ஏறும் வேலை பெரியவர்களுக்கு. கால்வாயில் கிடக்கும் பிளாஸ்டிக்கையும் இலையையும் அள்ளும் வேலை உங்களுக்கு. அள்ளும்போது தம்பி தங்கையிடம் 1 மில்லிமீட்டர் மழைக்கு எத்தனை கிலோ என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் சொல்லிக்கொடுங்கள்.